யாரியை வர வேண்டாம் என்று சொன்ன வருஷம்

ஜனவரி 14, செவ்வாய்

காலையிலிருந்து பனி. வாசலை வாரிக் கொட்டிவிட்டு நிமிர்ந்தால், தெருவைச் சுத்தம் செய்யும் லாரி வந்து எல்லாவற்றையும் மறுபடி என் வாசலிலேயே தள்ளிவிட்டுப் போகிறது. இரண்டு தடவை வாரினேன். அப்புறம் விட்டுவிட்டேன். காரை அதன் மேலேயே ஏற்றி இறக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

டீன் ஹால்வர்சன் அலுவலகத்திலிருந்து செய்தி. ஆள் குறைவாகச் சேரும் முதுகலைப் படிப்புகளை இந்தப் பருவத்தில் பரிசீலனை செய்யப்போகிறார்களாம். சமூக நீதிக் கல்வி, அதாவது நான் பன்னிரண்டு வருஷமாகக் கட்டி மேய்க்கும் படிப்பு, முதல் ஆளாக நிற்கிறது. பரிசீலனை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கசாப்புக்காரர் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்ப்பதும் பரிசீலனைதான்.

அடுத்த அறை டெரன்ஸ் பெட்டிஃபோர்ட் வந்து கதவில் சாய்ந்துகொண்டான். இன வரலாறு பாடம் எடுப்பவன், என் பல வருஷத்துச் சிநேகிதன்.

"மிக்டா, இந்தப் படிப்பால என்ன பிரயோஜனம்னு ரெண்டு பக்கம் எழுதித் தரணுமாம். இத்தனை வருஷமா சொல்லிக்குடுக்கறேன். ரெண்டு பக்கம் எனக்கு வராதே."

சிரித்தேன். அவன் போன பிறகு எழுத உட்கார்ந்தேன். எனக்கும் வரவில்லை. 'விமரிசனப் பார்வை', 'மாற்றத்தை முன்னெடுப்பவர்கள்' என்று எழுதி எழுதி அடித்தேன். மாணவர்கள் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுக்கிறவள் நான்தான்.

ஜனவரி 26, ஞாயிறு

என் பெண் யாரி மத்தியானம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தாள். துவரைச் சோறு இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். நாலு மணி ஆனதும் வழக்கம்போல முகம் சுருங்கிவிட்டது. நாளைக்குப் பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்பு டீச்சர், இது மூன்றாவது வருஷம். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறாள். எனக்குக் கேட்காது என்று அவளுக்கு நினைப்பு. இந்த வீட்டுச் சுவர்கள் வெறும் அட்டை.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"மா, உன் படிப்புல சேரலாம்னு இருக்கேன். சாயங்கால வகுப்புதானே, வேலையை விட வேண்டியதில்ல. விண்ணப்பம் பாதி போட்டுட்டேன்."

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். யோசித்துக் கேட்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

அவள் அறைக்குள் போய்விட்டாள். பெற்ற பெண் என் படிப்பில் சேருகிறேன் என்று வந்து நிற்கிறாள். எந்தத் தாயாக இருந்தாலும் மார்பை நிமிர்த்திக்கொள்ள மாட்டாளா? எனக்கு மட்டும் ஏன் தடுக்கத் தோன்றுகிறது?

ஜனவரி 27, திங்கள்

நான் எழுவதற்குள் யாரி கிளம்பிவிட்டாள். எனக்கும் சேர்த்துக் காபி போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜனவரி 29, புதன்

புதன்கிழமை வகுப்பு. எல்லோரும் டீச்சர்கள், பள்ளி விட்டு நேராக வருகிறவர்கள். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, பையிலிருந்து பிள்ளைகள் தின்னும் பிஸ்கட்டை எடுத்து அவர்களே தின்கிறார்கள். சுவரில் எங்கள் பெரிய தாள் தொங்குகிறது. அதில் முதல் விதி: அதிகம் பேசுகிறவர்கள் பின்னால் நகருங்கள், பேசாதவர்களுக்கு இடம் விடுங்கள். எங்களில் மூத்தவரான கான்ஸ்டன்ஸ் இந்தப் படிப்பைத் தொடங்கியபோது எழுதியது. தாள் கிழியக் கிழிய யாராவது புதிதாக எழுதி ஒட்டுகிறார்கள்.

வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்வது வழக்கம். வேண்டாமென்றால் அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். இன்று நான் ஒரு கேள்வி போட்டேன். இந்தப் பட்டத்தால் உங்களுக்கு என்ன கிடைத்தது? பூசி மெழுக வேண்டாம் என்றேன்.

பிஸ்கட் பொட்டலம் ஒரு சுற்று வந்தது. பிறகு ஒருத்தர்: "எங்க ஹெட்மாஸ்டர் செய்யறது தப்புன்னு இப்ப என்னால மூணு விதமா விளக்க முடியுது. அவர் அதையேதான் செஞ்சுக்கிட்டு இருக்காரு." எல்லோரும் சிரித்தார்கள்.

இன்னொருத்தி, "முன்னாடி எனக்குக் கோபம் வரும். இப்பக் கோபத்துக்குப் பேர் தெரியும். கோபம் அதேதான்" என்றாள்.

விளையாட்டு டீச்சர் பிரிஜிட் மல்வேனி, எப்போதும் விசில் கழுத்தில் தொங்கும், கடைசியில் சொன்னாள். "எனக்குப் புதன்கிழமை மட்டும்தான் வாயைத் திறந்து பேச முடியுது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவளே சொன்னதால் நானும் அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன். டீனுக்கு எழுதும் இரண்டு பக்கத்தில் போட முடியாத பதில்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று பொங்கி வழிந்துவிட்டது.

யாரிதான் ஆரம்பித்தாள். "இன்னும் பத்து நாள்ல விண்ணப்பம் முடியுது. நான் சேரக் கூடாதுன்னு நெனச்சா வாயைத் திறந்து சொல்லு மா. இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஏற்கெனவே நல்ல டீச்சர், நாங்கள் சொல்லித்தரப் போவது நீ செய்வதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் என்றேன். நல்ல டீச்சர்கள் வருகிறார்கள், படிக்கிறார்கள், கையில் பட்டம் வந்ததும் வகுப்பை விட்டுப் போய்விடுகிறார்கள் என்றேன்.

"லட்ரீஸைப் பாரு."

லட்ரீஸ் குட்வைன் நான் இந்த வேலைக்கு வந்த வருஷத்து மாணவி. நாலாம் வகுப்பு எடுத்தாள். அவள் வகுப்புக்குள் போனால் பிள்ளைகளின் முதுகு தானாக நிமிரும், பயத்தில் இல்லை, ஆசையில். பட்டம் வாங்கி, சில வருஷம் கழித்து மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சமத்துவப் பிரிவுக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, பெயர்ப்பலகை. போன கோடையில் அந்தப் பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள். இப்போது வகுப்பும் இல்லை, அலுவலகமும் இல்லை. ஒரு நாலாம் வகுப்பு டீச்சரை எடுத்து ஒன்றுமில்லாமல் ஆக்கினோம் என்றுதான் எனக்கு உள்ளுக்குள் உறுத்துகிறது.

யாரி கேட்டாள்: "நேர்காணலுக்கு வர்றவங்ககிட்ட இதையெல்லாம் சொல்றியா? சேராதீங்க, உருப்படாம போயிடுவீங்கன்னு?"

"அவங்க யாரும் என் பொண்ணு இல்லையே."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அப்புறம் மெதுவாகத்தான் பேசினாள்.

"என் வகுப்புல ஒரு பொண்ணு கேட்டா மா. டீச்சர், எங்க தெருவுல மட்டும் ஏன் மரமே இல்லன்னு. எனக்குப் பதில் தெரியும், ஏழைங்க தெருன்னு நகராட்சி மரமே நடல. ஆனா பதினோரு வயசுப் பொண்ணுகிட்ட அதை எப்படிச் சொல்றது? சொன்னா அவ வீட்டை அவளே கேவலமா நெனச்சுடுவாளோன்னு பயம். சொல்லாட்டி நான் பொய் சொல்றேன். இதை நான் யார்கிட்ட பேசறது? ஸ்டாஃப் ரூம்ல பேசினா மைக்ரோவேவ்தான் பதில் சொல்லுது."

"என்கிட்ட பேசு."

"உன்கிட்ட பேசினா நீ அம்மாவா மாறிடற. உடனே பால் காய்ச்சிக் கொண்டுவந்து வைக்கற."

நிஜம்தான். அந்த நேரம் கையில் பால் பாத்திரம் இருந்தது.

பிப்ரவரி 19, புதன்

விண்ணப்பம் முடியும் நாள். யாரி போடவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். ஜெயித்துவிட்டேன் போல. ஜெயித்த மாதிரி இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

அடுத்த வாரம் பரிசீலனைக் குழு கூடுகிறது. எங்களுக்கு இருபது நிமிஷம். அதற்குத் திட்டம் போட கான்ஸ்டன்ஸ் ஆல்கிரென் வீட்டில் கூடினோம். சூப், கருப்பு ரொட்டி, மடியில் ஏறிக்கொள்ளும் பூனை. மூன்று மணி நேரம் பேசினோம். என்ன சொல்வது என்று யாரும் பேசவில்லை. யார் சொல்வது என்றே பேசினோம்.

கான்ஸ்டன்ஸ் ஆரம்பத்திலேயே கையைத் தூக்கிவிட்டார். "நான் பேசக் கூடாது. எழுபது வயசு வெள்ளைக்காரி எழுந்து நின்னு சமூக நீதியைக் காப்பாத்தறதா? இத்தனை வருஷம் சொல்லிக்குடுத்ததுக்கே அர்த்தமில்லாம போயிடும்."

"நான் முதல்ல பேசினா ஆம்பளை முந்திக்கிட்டான்னு இருக்கும். மிக்டா பேசட்டும்" என்றான் டெரன்ஸ்.

நான், "பொறுப்பாளர் நான். என் வேலையை நானே காப்பாத்திக்க வந்த மாதிரி ஆயிடும். மாணவங்க பேசினாத்தான் எடுபடும்" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அழகான முடிவு, எங்கள் கொள்கைக்குத் துளியும் பிசகாத முடிவு. என் நெஞ்சில் ஒரு சின்ன நிம்மதி இறங்கியது. அது எதனால் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ரொட்டியைச் சூப்பில் தொட்டுத் தின்றேன்.

மார்ச் 13, வியாழன்

எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்றால் என் பக்கம் நியாயம் சேர்த்துவிடுவேன்.

நீள மேஜை. டீன், கூட ஏழெட்டுப் பேர், வேதியியலிலிருந்து, கணக்கியலிலிருந்து. எதிரே நாங்கள். பின்னால் மாணவர்கள், அதற்கும் பின்னால் பழைய மாணவர்கள் கொஞ்சம் பேர், லட்ரீஸும் வந்திருந்தாள். கடைசி வரிசையில் யாரி. அரை நாள் லீவு போட்டு வந்திருக்கிறாள், எனக்குச் சொல்லவே இல்லை.

டீன் எழுந்து, "உங்கள் நேரம்" என்றார்.

மாணவர்கள் சார்பில் பிரிஜிட் எழுந்தாள். விசிலைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். "நாங்க எல்லாரும் கூடிப் பேசினோம். படிச்சு முடிச்சுட்டுப் பள்ளிக்கூடங்கள்ல வேலை பார்த்தவங்க அனுபவம்தான் இங்க முக்கியம். எங்க நேரத்தை அவங்களுக்குக் குடுக்கறோம்." உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் பின்னால் திரும்பினார்கள். பழைய மாணவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். லட்ரீஸ் எழுந்தாள். "நாங்க படிச்சு முடிச்சு ரொம்ப நாளாச்சு. இதுல பாதிக்கப்படறவங்க இப்பப் படிக்கறவங்கதான். அவங்க இருக்கும்போது நாங்க பேசறது முறையில்ல. அவங்களுக்கே விட்டுடறோம்." அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் அமைதி. எங்கள் வகுப்பில் அமைதிக்கு நாங்கள் பயப்பட மாட்டோம். அமைதியில்தான் பேசாதவர்கள் பேசுவார்கள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். காத்திருந்தோம். கணக்கியல்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். மூடினார்.

"ஆசிரியர்கள் யாராவது?" என்றார் டீன்.

கான்ஸ்டன்ஸ் டெரன்ஸைப் பார்த்தார். டெரன்ஸ் என்னைப் பார்த்தான். நான் மாணவர்களைப் பார்த்தேன். டெரன்ஸ் கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான்: "இதுவரைக்கும் பேசாதவங்க யாராவது பேச விரும்பினா..."

இதுவரைக்கும் யாருமே பேசவில்லை!

டீன் கேலி செய்யவில்லை. அது இன்னும் மோசம். எழுத்தில் ஏதாவது அனுப்புவதானாலும் சரி என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அடுத்த விஷயம் கார் நிறுத்துமிடம். அதற்கு நாலு பேர் ஒரே நேரத்தில் எழுந்து கத்தினார்கள்.

திரும்பி வரும்போது யாரிதான் கார் ஓட்டினாள். ஆற்றுப் பாலம் தாண்டியதும் கேட்டாள்.

"மா, ஒண்ணு கேக்கறேன். நீ மத்தவங்களுக்கு இடம் விட்டியா, இல்ல உன்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையா?"

"ரெண்டும்தான்."

"அப்படின்னா சரி" என்றாள்.

எது சரி? கேட்கத் தைரியம் வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

டெரன்ஸ் சொல்கிறான், நாம் தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் மூடத்தான் போகிறார்கள், வாஷிங்டனிலிருந்து அடிக்கிற காற்று அப்படி என்று. இருக்கலாம். ஆனால் அந்த அறையில் டீன் மட்டுமா இருந்தார்?

மார்ச் 28, வெள்ளி

வந்துவிட்டது. இனிமேல் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. இப்போது இருப்பவர்கள் முடித்துவிட்டுப் போகலாம். அடுத்த வசந்தத்தோடு கடையைக் கட்டியாக வேண்டும்.

கான்ஸ்டன்ஸ் போனில் அழுதார். நான் அவரைத் தேற்றினேன். வாயிலிருந்து நல்ல நல்ல வார்த்தைகளாக வந்தன. அந்த வார்த்தைகளில் நாலைந்தை அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அழுகை வரவில்லை, களைப்புதான் வருகிறது. சாயங்காலமே படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

பேக்கரியில் லட்ரீஸ். எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள். நழுவிவிடலாமா என்று பார்த்தேன், அதற்குள் திரும்பிவிட்டாள். காபி வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தோம்.

மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "உன்னை வகுப்பை விட்டு வெளிய அனுப்பிச்சது எங்க படிப்புதானே?"

அவள் ஏதோ வேடிக்கையைக் கேட்டவள்போலச் சிரித்தாள். "படிப்பா? என்னை அனுப்பிச்சது என் முழங்கால். நாள் முழுக்க நிக்க முடியல. அதனாலதான் அந்த அலுவலக வேலையை எடுத்தேன்."

"அது எனக்குத் தெரியாதே."

"நீங்க கேக்கவே இல்லையே. நான் மூணாவது வருஷத்துலயே விட்டுட்டுப் போயிருக்க வேண்டியவ, மிக்டாலியா. எங்க மாமா கடையில உக்காந்துக்கலாம்னு முடிவே பண்ணிட்டேன். அப்பத்தான் உங்க வகுப்புல சேர்ந்தேன். ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் போதும்டா சாமின்னு இருக்கும். நாளைக்குப் புதன் ஆச்சேன்னு பல்லைக் கடிச்சுக்குவேன். படிச்சு முடிச்ச பிறகும் நாங்க ஆறு பேரு புதன்கிழமை யார் வீட்லயாவது உக்காருவோம். அப்படியே ஒன்பது வருஷம் ஓடிடுச்சு."

"நாங்க நடத்தின பாடம்?"

"பாதி மறந்துபோச்சு. பட்டம் எந்தப் பெட்டியில கிடக்குதோ. அந்த நாற்காலிகளை வட்டமாப் போடறதுதான் ஞாபகம் இருக்கு. உள்ள வந்ததும் யாராவது, 'உனக்கும் இந்த வாரம் நாசமா?'ன்னு கேப்பாங்க. அதுக்கு எவ்வளவு தூரம் வேணும்னாலும் காரை ஓட்டிக்கிட்டு வரலாம்."

காபி ஆறிப்போயிருந்தது. "இதை அன்னைக்கே எழுந்து சொல்லியிருக்கலாமே லட்ரீஸ்" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை, பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

"சொல்லத்தான் வந்தேன். படிக்கறவங்களுக்கு முன்னால நான் முந்திக்கக் கூடாதுன்னு தோணிச்சு." கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, "நீங்க பேசுவீங்கன்னும் நெனச்சேன்" என்றாள்.

டீன் கேட்ட இரண்டு பக்கம் இதுதான். இரண்டு பக்கம்கூட வேண்டாம், ஒரு வரி போதும். செவ்வாய்க்கிழமை விட்டுவிட்டுப் போக நினைக்கிறவர்களுக்கு மறுநாள் புதன். பிரிஜிட்டும் இதையேதான் சொன்னாள். கேட்க வேண்டியவள் நான். என் மண்டையில் ஏறவில்லை.

அதே நாள், சாயங்காலம்

பேக்கரியிலிருந்து நேராக வீட்டுக்குத்தான் வந்தேன். ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு நின்றபடியே யாரியிடம் சொன்னேன். நான் சொன்னது தப்பு, நீ சேர்ந்திருக்க வேண்டும், இங்கே இல்லாவிட்டால் வேறு ஊரில் பார்க்கலாம், கனெக்டிகட்டில் ஒன்று இருக்கிறது, நானே பேசுகிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

கேட்டுக்கொண்டாள். பிறகு, "உக்காரு மா" என்றாள்.

ஹார்ட்ஃபோர்டில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, வீட்டிலிருந்தே போய் வரலாமாம். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. ஜூலையில் சேர வேண்டும். போன வாரமே ஒத்துக்கொண்டாளாம்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே யாரி."

"என்ன சொல்றது? நான் கேட்டப்பக் கதவு திறந்திருந்துச்சு, நீ வாசல்ல நின்னுக்கிட்டுப் போகாதேன்ன. இப்பக் கதவே இல்ல, போ போங்கற." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் அழுது தீர்த்திருப்போம். "நீ எனக்கு நல்லதுதான் நெனச்ச மா. எனக்குத் தெரியும். ஆனா உன்னாலயே நிமிர்ந்து நின்னு நல்லதுன்னு சொல்ல முடியாத ஒண்ணுக்காக, நான் இன்னும் எத்தனை ஞாயித்துக்கிழமை அழறது?"

ரொட்டியை அறுத்து வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். அவளும் தின்றாள்.

மே 7, புதன்

பிரிஜிட்டும் அவளோடு சேர்ந்தவர்களும் படிப்பை முடிக்கிறார்கள். கேக் வெட்டினோம். வகுப்பு முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. காவலாளி வந்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்ட பிறகுதான் கிளம்பினார்கள்.

ஜூன் 20, வெள்ளி

யாரியின் வகுப்பறையைக் காலி செய்யப் போனேன். புழுக்கம். அவள் பெட்டியில் போட, நான் காருக்குச் சுமந்தேன். ஹெட்மாஸ்டர் ஒரு பூந்தொட்டி கொடுத்துக் கையைக் குலுக்கினார். அவர் எத்தனை பேருக்கு இப்படித் தொட்டி கொடுத்திருப்பாரோ.

சுவரில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை வண்ணத் தாளில் எழுதி மேலிருந்து கீழ்வரை ஒட்டியிருந்தாள். நிலாவை யாராவது வாங்க முடியுமா? அப்பா ஏன் வேலைக்குப் பின்பக்கக் கதவு வழியாகப் போகிறார்? எங்கள் தெருவில் மட்டும் ஏன் மரம் இல்லை? மரக் கேள்விக்குக் கீழே பிள்ளைகளே வரைந்த தெருப் படங்கள் வரிசையாக. எந்தத் தெருவுக்கு யார் என்ன செய்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிவந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அவள் பதில் சொல்லிவிட்டாள். யாருடைய துணையும் இல்லாமல் தனியாகவே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். அதற்கு அவளுக்கு எவ்வளவு தெம்பு செலவாகியிருக்கும்.

கிழிக்கப் போனேன். "அது இருக்கட்டும் மா. வர்றவங்களுக்கு உதவும்" என்றாள்.

காரில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள், சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு. வீடு வந்த பிறகும் எழுப்ப மனசில்லாமல் கொஞ்ச நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

யாரி சந்தோஷமாக இருக்கிறாள். இதை எழுதித்தான் ஆக வேண்டும். சதை பிடித்திருக்கிறது. சாயங்காலம் சிநேகிதிகளோடு கடற்கரைக்குப் போய்விட்டு முகமெல்லாம் சிவந்து வந்தாள். வேலையைப் பற்றிக் கேட்டால் "பரவாயில்ல" என்கிறாள். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. முன்பெல்லாம் வீட்டுக்குள் நுழையும்போதே யார் என்ன சொன்னான், யார் எதற்கு அழுதாள் என்று ஆரம்பித்துவிடுவாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

செப்டம்பர் 10, புதன்

கடைசி அணியின் வகுப்பு தொடங்கிவிட்டது. பத்துப் பேருக்கும் குறைவு. நாற்காலி வட்டம் சின்னதாகிவிட்டது.

ஆளுக்கு ஒரு வார்த்தை. டுவைட் லாஷபெல்லின் முறை வந்தது. நல்ல பையன், கூச்சக்காரன், போன வருஷம் முழுக்க அடுத்தவருக்கே தள்ளிக்கொண்டிருந்தான். இந்த வருஷம் வேறு பள்ளிக்கு மாறியிருக்கிறான். ஆறாம் வகுப்பு.

"எனக்குக் குடுத்த அறையில சுவர் பூரா கேள்வியா ஒட்டியிருக்கு. முன்னாடி இருந்த டீச்சர் மிஸ் கொலோன் ஒட்டினதாம். எடுக்கலாம்னு போனேன், வராந்தாவுல போற ஏழாம் வகுப்புப் பசங்க உள்ள வந்து சண்டைக்கு நிக்கறாங்க. எங்க மிஸ் ஒட்டினது, தொடக் கூடாதுங்கறாங்க. அவ்வளவு நல்லா செஞ்சவங்க ஏன் போனாங்கன்னு யாருக்கும் தெரியல."

யாரிக்கு அவள் அப்பாவின் குடும்பப் பெயர். அவனுக்கு எப்படித் தெரியும்?

சுற்றி வந்து என் முறை. தள்ளிவிடலாம். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், வாத்தியார் இடம் விடுகிறார் என்று மரியாதையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"மிஸ் கொலோன் என் பொண்ணு" என்றேன். "இந்த நாற்காலியில வந்து உக்காரணும்னு ஆசைப்பட்டா. இதுல ஒண்ணும் இல்ல, வராதேன்னு நான்தான் சொன்னேன். அன்னைக்கு எனக்கு இது என்னன்னு தெரியல. இப்பத் தெரியும்."

யாரும் ஆறுதல் சொல்லவில்லை, நல்லவேளை. பக்கத்தில் இருந்தவர் பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

வகுப்பு முடிந்து டுவைட் தயங்கித் தயங்கி வந்தான். அவன் வகுப்பில் ஒரு பெண் பள்ளி திறந்ததிலிருந்து வாயே திறக்கவில்லையாம். அவளுடைய அக்கா மிஸ் கொலோனிடம் படித்தவளாம். ஒரே ஒரு தடவை பேசலாமா என்று கேட்டான். யாரியின் போன் எண்ணைக் கொடுத்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

வாழைக்காயைத் தட்டிப் பொரித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் யாரியின் போன் அடித்தது. முதலில் ஆபீஸ் குரலில் "ஹலோ" என்றாள். அப்புறம் நாற்காலி இழுபடும் சத்தம்.

"அவளைக் கேள்வி கேக்காதீங்க. பக்கத்துல உக்காந்து நீங்க உங்க வேலையைப் பாருங்க... ஆமா, சும்மா உக்காருங்க. அவங்க அக்காவும் அப்படித்தான். ரெண்டு மூணு வாரம் ஆகும். ஒருநாள் உங்க பென்சிலைக் கேட்பா. குடுத்துட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி இருந்துடணும்... இல்ல இல்ல, நீங்க சரியாத்தான் பண்றீங்க. எனக்கும் முதல் வருஷம் இப்படித்தான் பயமா இருந்துச்சு. யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியாது."

அடுப்பை அணைத்துவிட்டேன், எண்ணெய்ச் சத்தத்தில் கேட்காது என்று. அவள் சிரித்தாள். அந்தப் பெண்ணின் அக்கா ஒருநாள் வகுப்பில் செய்த கூத்தை நடித்தே காட்டினாள். இந்தக் குரலை நான் கேட்டு மாதக்கணக்கில் ஆகிவிட்டது. பொரித்ததெல்லாம் ஆறிப்போகும் வரைக்கும் பேசினாள்.

உள்ளே வந்து தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"யாரு போன்ல?" என்றேன், தெரியாதவள்போல.

"ஸ்கூல்லேர்ந்து மா" என்றாள், தினமும் அங்கே போய் வருகிறவள்போல.

அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு ஆபீசுக்குப் போட வேண்டிய சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.